இங்கிலாந்தில் ஒரு முயலைச் சுடுவது எப்படி?

முயலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவசரம் ஒன்றும் இல்லையென்று. விண்ணப்பம் எழுதும் நாளில் நீங்கள் பார்த்து வைத்த முயல், சான்றிதழ் தபாலில் வந்து விழும் நாளில் கொள்ளுப்பேரன் எடுத்திருக்கும். நீங்கள் சுடப்போவது அந்தக் கொள்ளுப்பேரனைத்தான். எனவே எந்த முயலோடும் சொந்தப் பகை வைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் இதில் இறங்கியது ஒரு வேலியோரத்தில். எங்கள் கிராமம் வேல்ஸ் எல்லையை ஒட்டி, இங்கிலாந்துப் பக்கம் இருக்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் குளிர்காலக் கோதுமை விதைத்திருந்தார். வேலியை ஒட்டி இருபதடி அகலத்துக்குப் பயிரே இல்லை. சலூனில் மெஷின் போட்ட மாதிரி தரையோடு வழித்துவிட்டிருந்தன முயல்கள். “உங்களுக்குச் சுடத் தெரியுமா?” என்றார். தெரியும் என்று தலையாட்டிவிட்டேன். தீபாவளிக்குப் பொட்டு வெடித் துப்பாக்கி சுட்டதைத் தவிர எனக்கு வேறு அனுபவம் கிடையாது. ஆனால் பதினாறு வருடமாக அந்த ஊரில் கணக்கு எழுதுகிற ஆளாக மட்டும் இருந்து அலுத்துப்போயிருந்தது.

உங்களுக்கும் அப்படி அலுத்திருந்தால் மேலே படியுங்கள்.

முதலில் முயலின் பூர்வீகம். 1066-ல் நார்மன்கள் வந்த பிறகுதான் முயல் இந்த நாட்டில் ஊன்றியது. கறிக்கும் தோலுக்கும் வேலி கட்டி, மண்மேடு போட்டு, குளிரில் செத்துவிடாமல் கண்ணும் கருத்துமாக வளர்த்தார்கள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதைதான். 1954-ல் ஒரு சட்டம் வந்தது. நிலத்தை வைத்திருப்பவர் அதில் வாழும் காட்டு முயல்களைக் கொன்றாக வேண்டும், அல்லது பிடித்தாக வேண்டும் என்கிறது அது. பிறகு வந்த ஆணை கிட்டத்தட்ட இங்கிலாந்து முழுவதையும் முயல் ஒழிப்புப் பகுதியாக்கியது. விட்டுவைத்த ஒன்றிரண்டு இடங்களில் ஒன்று, வங்கிகள் நெருக்கியடித்து நிற்கும் சிட்டி ஆஃப் லண்டன். அங்கே ஒரு முயல் வந்து குடியேறினால் சட்டப்படி அது நிம்மதியாக இருக்கலாம்.

ஆக, பண்ணைக்காரருக்கு முயலைக் கொல்வது கடமை. கொல்வதற்கான ரைஃபிளை அவரோ நானோ கையில் வாங்குவதற்கு மட்டும் காவல்துறை மனம் வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி இருக்கிறது, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 12 அடி-பவுண்டு ஆற்றலைத் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு இங்கிலாந்தில் எந்தச் சான்றிதழும் வேண்டாம். பதினெட்டு வயதானால் கடையில் காசு கொடுத்து வாங்கிவரலாம். முப்பது கஜத் தொலைவுக்குள் முயலை நெருங்கத் தெரிந்தவருக்கு அது போதும். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31-லிருந்து அதற்கும் லைசென்ஸ். புத்திசாலிகள் இந்தப் பத்தியோடு எழுந்து போய்விடலாம். மற்றவர்களுக்காகத் தொடர்கிறேன்.

இரண்டு சான்றிதழ்கள் உண்டு. ஷாட்கன் என்கிற சிதறுகுண்டுத் துப்பாக்கிக்கு ஒன்று. அதை வாங்கிவிட்டால், பூட்டி வைக்க இடம் இருக்கிற வரை எத்தனை ஷாட்கன் வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டே போகலாம். ரைஃபிளுக்கான சான்றிதழ் வேறு சாதி. அதில் ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்ல வேண்டும். 1968-ம் வருடத்துத் துப்பாக்கிச் சட்டத்தின் 27-ம் பிரிவு ‘தகுந்த காரணம்’ கேட்கிறது. இதற்குப் பதில் எழுதும்போது தமிழ்நாட்டை மறந்துவிடுங்கள். நம்மூரில் லைசென்ஸ் கேட்பவர் உயிருக்கு ஆபத்து, தோப்பில் திருடர் பயம் என்று எழுதுவார். தேர்தல் அறிவித்ததும் அந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வருவார். இங்கே ‘தற்காப்பு’ என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும். மனிதரைப் பற்றிப் பேச்சே கூடாது. முயல், வேலி, கோதுமை, பண்ணைக்காரரின் கடிதம். அவ்வளவுதான் உங்கள் உலகம்.

கட்டணம்: 2025 பிப்ரவரியில் 88 பவுண்டிலிருந்து ஒரே தாவில் 198 பவுண்டு ஆனது. சான்றிதழ் ஐந்து வருடத்துக்குச் செல்லும். கறிக்கடையில் ஒரு முயல் என்ன விலை என்று இந்தச் சமயத்தில் விசாரிக்காதீர்கள். நான் விசாரித்தேன், இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

விண்ணப்பத்தில் உங்கள் பழைய பாவங்களையெல்லாம் எழுத வேண்டும். சட்டம் மறந்துபோன குற்றங்களைக்கூட இந்தப் படிவம் மறப்பதில்லை. வேகமாகக் கார் ஓட்டி அபராதம் கட்டியதையும் எழுத வேண்டும். தப்பான இடத்தில் வண்டி நிறுத்தியதற்கு மட்டும் விலக்கு. மனைவிக்குத் தெரியாமல் கட்டிய அபராதம் ஏதாவது இருந்தால், படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவைக்காதீர்கள்.

பிறகு சாட்சிக்கு இரண்டு பேர். உங்களைக் குறைந்தது இரண்டு வருடமாவது தெரிந்தவர்கள், நல்ல நடத்தை உள்ளவர்கள், இந்த நாட்டில் வசிப்பவர்கள். போலீஸ்காரர் கூடாது, துப்பாக்கி வியாபாரி கூடாது, நெருங்கிய குடும்பத்தார் கூடாது. அந்த நெருக்கம் எங்கே முடிகிறது என்பதில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுவார்கள். எனக்குத் தெரிந்த தமிழர்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒருவர் என் சகலை. இன்னொருவர் சகலையின் மாமா. மூன்றாமவர் உறவே இல்லை என்று நினைத்துப் போன் செய்தால், அவருடைய அம்மா என் பெரியம்மாவின் நாத்தனாருக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று அன்றைக்குத்தான் தெரியவந்தது. கடைசியில் பல் டாக்டரும் தபால்காரரும் கையெழுத்துப் போட்டார்கள்.

டாக்டர் விஷயத்தில் கேலிக்கு இடமில்லை. உங்கள் குடும்ப மருத்துவர் உங்கள் மனநிலை, மதுப்பழக்கம், நோய் விவரங்களைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 2021 நவம்பரிலிருந்து இது கட்டாயம். அந்த வருடம் ஆகஸ்டில் பிளிமத் நகரில் ஒருவன் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றான். ஒரு அடிதடிக்குப் பிறகு அவனிடமிருந்து பிடுங்கி வைத்திருந்த ஷாட்கனைச் சில வாரங்களுக்கு முன்புதான் காவல்துறை திருப்பிக் கொடுத்திருந்தது. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊரில், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் பதினாறு குழந்தைகளும் ஒரு ஆசிரியையும் கைத்துப்பாக்கிகளால் சுடப்பட்டுச் செத்தார்கள். அந்தக் கைத்துப்பாக்கிகளும் சான்றிதழோடு வாங்கியவைதான். அடுத்த வருடம் கைத்துப்பாக்கியையே தடை செய்தார்கள். அதற்கு முன் 1987-ல் ஹங்கர்ஃபோர்டில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, தானாக அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் பெரிய ரைஃபிள்கள் போயின. படிவத்தில் எரிச்சலூட்டும் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் இப்படி ஒரு ஊரின் பெயர் இருக்கிறது. என் டாக்டர் என்னிடம் ‘சமீபத்தில் தூக்கம் எப்படி?’ என்று கேட்டபோது நான் முறைக்கவில்லை.

அடுத்தது பெட்டி. தரக் குறியீடு உள்ள எஃகுப் பெட்டி வாங்கிச் செங்கல் சுவரில் போல்ட்டு போட்டு இறுக்க வேண்டும். வாங்கிவிடலாம். சாவிதான் பிரச்சினை. சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் அந்தச் சாவி இருக்கும் இடம் தெரிய வேண்டும். மனைவிக்குத் தெரியக் கூடாது.

இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். ஒரு தமிழ்க் குடும்பத்தில், வீட்டுக்குள், மனைவிக்குத் தெரியாத இடத்தில் ஒரு சாவியை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும்.

நான் முதலில் உளுந்து டப்பாவில் போட்டேன். பரம்பரைப் புத்தி. மறுநாளே தோசைக்கு ஊறப்போட்டபோது உளுந்தோடு சேர்ந்து அதுவும் ஊறியது. அடுத்து குளிர்காலக் கோட்டின் உள்பை. அது சலவைக்குப் போய் வந்தது. கடைசியில் அவள் கையே படாத ஒரு பொருள் இந்த வீட்டில் என்னவென்று யோசித்து, என் வருமான வரிப் புத்தக அலமாரியைத் தேர்ந்தெடுத்தேன். நாற்பது தடித்த புத்தகங்கள். ஒன்றின் முதுகுக்கும் அட்டைக்கும் இடையில் சாவி.

விசாரணைக்கு வந்த அதிகாரி தங்கமான மனிதர். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். பெட்டி ஆடவில்லை, இருநூறு வருடத்துச் சுவர்தான் கொஞ்சம் ஆடியது. மனைவி கொடுத்த மெதுவடையை, நடுவில் ஓட்டை எதற்கு என்று கேட்டுக்கொண்டே இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதை எடுத்தபடி, என்னவோ வானிலையைப் பற்றிக் கேட்பது போல அவளிடம் கேட்டார்: “இதன் சாவி எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமா?”

இருபத்திரண்டு வருடமாக என் பாஸ்போர்ட், என் சாக்ஸ், எல்ஐசி பத்திரம், மூன்றாம் வகுப்பில் நான் வாங்கிய திருக்குறள் போட்டிச் சான்றிதழ் எல்லாம் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத்தான் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு, “தெரியாது” என்றாள். ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்பதை அந்த அதிகாரி அறிந்திருக்க நியாயமில்லை. குறிப்பேட்டில் டிக் போட்டுக்கொண்டார்.

இனி பொருத்தம் பார்க்கும் படலம். நம் வீடுகளில் பெண்ணுக்கும் பையனுக்கும் ஜாதகம் பார்ப்பது போல, இங்கே துப்பாக்கிக் குழலுக்கும் விலங்குக்கும் பார்க்கிறார்கள். சான்றிதழில் இன்ன காலிபர் (குழலின் அளவு) ரைஃபிள், இன்ன விலங்குக்காக, இன்ன மாதிரி நிலத்தில் என்று எழுதியிருக்கும். முயலுக்கு .22 ரிம்ஃபயர். சின்னக் குண்டு, சின்னச் சத்தம், சைலன்சர் மாட்டினால் யாரோ கைதட்டிய மாதிரி இருக்கும். நரிக்கு .223 போல வேகமான ஒன்று. மானுக்கு .243-லிருந்து மேலே.

மான் விஷயத்தில் சட்டமே அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறது. 1991-ம் வருட மான் சட்டப்படி இங்கிலாந்தில் மானைச் சுடும் ரைஃபிளின் குழல் .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குண்டு வெளியேறும்போது ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது. குண்டின் மூக்கு மென்மையாகவோ குழிவாகவோ இருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே போனதும் விரிந்து விலங்கு துடிக்காமல் சாகும். புகழ்பெற்ற .243 வின்செஸ்டர் இந்தத் தேர்வில் பாஸாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு வித்தியாசத்தில். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்.

இதில் ஒரு சலுகை நம்மூர்ச் சொந்தக்காரருக்கு. கேளையாடு தெரியுமல்லவா, மேற்குத் தொடர்ச்சி மலையில் நாய் மாதிரி குரைக்குமே, அந்தச் சின்ன மான்? அதன் சீனத்துப் பங்காளியைப் பெட்ஃபோர்டு பிரபு ஒருவர் தன் வோபர்ன் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்து வளர்த்தார். அது வேலி தாண்டியது. இப்போது தென் இங்கிலாந்தின் புதர்களிலெல்லாம் குரைக்கிறது. வருடம் முழுவதும் குட்டி போடுவதால் அதற்கு விடுமுறைக் காலமே கிடையாது. எந்த மாதமும் சுடலாம். உருவம் சிறிது என்பதால் .220 குழலும் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும் போதும். அதாவது நரிக்கு வாங்கிய .223 கேளைக்கும் பொருந்தும். அதே .223-ஐ வைத்து இங்கிலாந்தில் ரோ என்கிற இன்னொரு மானைச் சுட்டால் குற்றம். ஸ்காட்லாந்தில் ரோ மானுக்கு வேறு கணக்கு: குறைந்தது ஐம்பது கிரெய்ன் எடையுள்ள குண்டு, நொடிக்கு 2,450 அடி வேகம், 1,000 அடி-பவுண்டு. அங்கே .223 தாராளம். ட்வீட் ஆற்றின் வடகரையில் மேயும் ரோ மானுக்கும் உங்கள் ரைஃபிளுக்கும் பத்துக்குப் பத்துப் பொருத்தம். அது நீந்தித் தென்கரை ஏறிவிட்டால் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை.

சான்றிதழில் எழுதாத விலங்கு எதிரே வந்தால்? முன்னேயெல்லாம் இதுதான் பெரிய கூத்து. மானுக்கு மட்டும் என்று எழுதிய ரைஃபிளோடு ஒருவர் காலை நான்கு மணிக்குப் போய்ப் பனியில் படுத்திருப்பார். மான் வராது. பண்ணைக்காரரின் ஆட்டுக்குட்டியைத் தூக்கும் நரி வந்து முப்பதடியில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொள்ளும். மானையே வீழ்த்தும் ரைஃபிள் கையில் இருக்கும். நரியைச் சுடுவதும் சட்டப்படி சரி. ஆனால் இந்த ரைஃபிளால் அந்த நரியைச் சுட்டால் சான்றிதழ் நிபந்தனை மீறல். அதற்கு மருந்தாக வந்ததுதான் ‘சட்டம் அனுமதிக்கும் வேறெந்த இரையும்’ என்ற நான்கு சொற்கள். வேட்டைக்காரர்கள் அதைச் சுருக்கி ஏ.ஓ.எல்.கியூ. என்பார்கள். கையில் சான்றிதழ் வந்ததும் புகைப்படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்க்காதீர்கள். இந்த நான்கு சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள்.

அந்தச் சொற்கள் இருப்பதால் எதையும் சுடலாம் என்று அர்த்தமில்லை. ‘சட்டம் அனுமதிக்கும்’ என்பதுதான் அதில் உயிர். பேட்ஜர் என்னும் கறுப்பு வெள்ளைக் கரடிக்குட்டி போன்ற பிராணிக்கென்றே 1992-ல் தனிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சாம்பல் அணிலைச் சுடலாம். செவ்வணிலைச் சுடக் கூடாது. நரியைச் சுடலாம், நாய்களை ஏவித் துரத்திக் கொல்வதை 2004-லேயே தடுத்துவிட்டார்கள். பறவைகள் பெரும்பாலும் பாதுகாப்பில். பயிரை அழிக்கும் காட்டுப்புறாவுக்குக்கூடப் பொது அனுமதி ஒன்றைப் படித்துவிட்டுத்தான் குறிபார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் தமிழ் உங்களைக் கவிழ்க்கும். நமக்கு முயல் என்றால் முயல்தான். ஆங்கிலேயருக்கு இரண்டு: வளை தோண்டிக் கூட்டமாக வாழும் ராபிட், வெட்டவெளியில் தனியாகப் படுத்திருக்கும் நீண்டகால் ஹேர். நம் காட்டில் ஓடுவது உண்மையில் இந்த ஹேர் இனம். ராபிட் நமக்குக் கூண்டில் வந்த விருந்தாளி. இரண்டையும் ஒரே ரைஃபிளால் சுடலாம். ஆனால் 1831-ல் போட்ட வேட்டைச் சட்டம் ஹேரை ஃபெசன்ட் கோழி, கவுதாரியோடு சேர்த்துக் கௌரவமான வேட்டை விலங்குப் பட்டியலில் வைத்தது. அந்தப் பட்டியலில் உள்ள எதையும் ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் கொல்லக் கூடாது. ராபிட் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு வார விடுமுறை கிடையாது. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நாம் சாதிப்போம். இங்கே காலை எண்ண வேண்டாம், காதைப் பாருங்கள். நுனி கறுப்பாக இருந்தால் அது ஹேர். அன்றைக்கு என்ன கிழமை என்று பாருங்கள்.

நிலத்துக்கும் ஜாதகம் உண்டு. புதிதாகச் சான்றிதழ் வாங்குபவருக்குப் பெரும்பாலும் ‘மூடிய’ சான்றிதழ்தான் கிடைக்கும். காவல்துறை பார்த்து, இந்தக் காலிபருக்கு இது ஆகும் என்று ஒத்துக்கொண்ட நிலத்தில் மட்டும் சுடலாம். சில வருடம் ஒழுங்காக இருந்தால் ‘திறந்த’ சான்றிதழ். நிலம் சரியா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அதோடு நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும், எழுத்தில் இருப்பது நல்லது. அவர் குத்தகைக்காரராக இருந்தால் 1880-ம் வருடச் சட்டம் ஒன்று குறுக்கே வரும். முயலைச் சுடத் தன்னைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் அவர் துப்பாக்கி அனுமதி எழுதிக் கொடுக்கலாம். அந்த ஒருவர் நீங்களா, அவர் மச்சானா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் பண்ணையில் மூன்று வயல். அதிகாரி வரைபடத்தை விரித்துக்கொண்டு வந்தார். பச்சைப் புள்ளிக்கோடு போட்ட பொது நடைபாதை முதல் வயலின் நடுவில் போனது. “இங்கே ஞாயிறு மதியம் எத்தனை பேர் நாயோடு நடப்பார்கள்?” என்றார். இரண்டாவது வயலுக்குப் பின்னால் வெறும் புதர்வேலி, அதற்கப்பால் தேவாலயக் கோபுரம். .22 குண்டு இத்தனூண்டுதான், ஆனால் தடுக்க ஆளில்லாவிட்டால் ஒரு மைலுக்கு மேல் போகும் என்று சொல்லி, தன் சுட்டுவிரலை முயலின் இடத்திலிருந்து கோபுரம் வரை காற்றில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். மூன்றாவது வயல் சரிவாக ஏறிப் பின்னால் மண்சுவர் போல நின்றது. குண்டு தவறினாலும் மண்ணில் புதையும். “இது போதும்” என்றார். மூன்றாவது வயலில் அன்றைக்கு ஒரு முயல் புழுக்கைகூட இல்லை. முயல்கள் அத்தனையும் நடைபாதை ஓரத்திலேயே குடியிருந்தன. அவற்றுக்கும் யாரோ சட்டம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏழு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. தோட்டாவுக்கும் கணக்கு. எனக்கு எழுதியிருந்தது: ஒரு தடவையில் 500 வாங்கலாம், எந்த நேரத்திலும் 600-க்கு மேல் வீட்டில் இருக்கக் கூடாது. கடைக்காரர் சான்றிதழை வாங்கி, தேதி போட்டு, எத்தனை கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார். ரேஷன் கடையில் பாமாயில் வாங்கிய ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. ரைஃபிளை வாங்கினால் ஏழு நாளுக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நான் காரிலிருந்தே தெரிவித்துவிட்டேன்.

சுடும் பகுதி சுருக்கமானது. வாரநாளில் அலுவலகம். சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி, போக வர எண்பது மைல். ஆகவே ஞாயிறு. சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்றாவது வயலின் கீழ்முனையில் குப்புறப் படுத்தேன். ஈரம் சட்டை வழியாக வயிற்றுக்கு ஏறியது. நாற்பது நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு, சரிவின் நடுவில், பின்னால் அருமையான மண்மேட்டோடு, பாடப்புத்தகத்துப் படம் மாதிரி ஒன்று எழுந்து உட்கார்ந்தது. பாதுகாப்பு விசையைத் தள்ளினேன். தொலைநோக்கியில் அதன் மீசை தெரிந்தது. கண் தேன் நிறத்தில் இருந்தது. கொஞ்சம் பெரிய முயலாக இருக்கிறதே என்று மகிழ்ந்துகொண்டே மேலே பார்த்தேன். காது நீளம். நுனி, மையில் தோய்த்த தூரிகை போல, கறுப்பு.

விசையைத் திரும்பப் பூட்டினேன். அது பத்து நிமிடம் இருந்து, சாவகாசமாகக் கோதுமை தின்றுவிட்டுப் போனது.

வீட்டுக்கு வந்து, ரைஃபிளைக் காலி செய்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டப் போனால் சாவியைக் காணோம். கிளம்பும் அவசரத்தில் எந்தப் புத்தகத்துக்குள் திரும்பச் செருகினேன் என்பது சுத்தமாக நினைவில்லை. அலமாரி முன்னால் மண்டியிட்டு ஒவ்வொன்றாக உதறத் தொடங்கினேன். மனைவி வாசற்படியில் சாய்ந்து நின்றுகொண்டு சிறிது நேரம் பார்த்தாள்.

“ஏங்க, நான் இப்ப ஏதாவது சொல்லலாமா, சொல்லக் கூடாதா?”

“சொல்லக் கூடாது.”

“சரி” என்று சமையலறைப் பக்கம் திரும்பினாள். “கீழ்த் தட்டுல மட்டும் தேடி நேரத்த வீணாக்காதீங்க.”